புஷ்பக் என்ஜின் 1,500 சுற்றைத் தாண்டினால் உதறுகிறது: பிரிக்காமல் காரணம் கண்டுபிடிக்க முடியுமா?

அடிவாரப் பட்டறை
ஜனவரி 21, இரவு 9.10

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் விமானப் பட்டறையில் பதினோரு ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். அதற்கு முன் இருபது ஆண்டுகள் டீசல் என்ஜின்தான் என் தொழில். விமான என்ஜினை இங்கே வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதனால் அனுபவமுள்ளவர்களிடம் கேட்கிறேன்.

எங்களிடம் ஒரு புஷ்பக் விமானம் இருக்கிறது. பெங்களூரு எச்.ஏ.எல். விமான நிறுவனத்தில் கட்டகே என்ற பொறியாளரின் குழு வடிவமைத்து, 1958 செப்டம்பரில் முதல் முறை பறந்த அதே வகை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, துணி போர்த்திய சிறகு, மரப் புரொப்பெல்லர். என்ஜின் கான்டினென்டல் சி90-8எஃப்: எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர், 90 குதிரைத்திறன். ஸ்டார்ட்டர் கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். இந்த விமானம் பறந்து பல காலம் ஆகிவிட்டது, இனியும் பறக்காது. வாலைத் தூணில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, மாதம் ஒருமுறை தரையிலேயே ஓட்டிக் காட்டுவோம்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஓட்டியபோது தையல் இயந்திரம் போல ஓடியது. பூஜைக்காகச் சுத்தம் செய்து, புரொப்பெல்லர் நுனிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, மாலை போட்டோம். பிறகு மழை, தேர்வு, விடுமுறை என்று தள்ளிக்கொண்டே போய், பொங்கல் முடிந்து சென்ற வாரம்தான் மீண்டும் கிளப்பினோம்.

இப்போது இரண்டு தொல்லை. ஐடிலில், அதாவது மிக மெதுவாக ஓடும்போது, ஒருவிதமாகத் தடுமாறுகிறது, நொண்டி நடப்பது போல. த்ராட்டிலைத் திறந்தால் அந்த நொண்டல் மறைகிறது. ஆனால் நிமிடத்துக்கு 1,500 சுற்றைத் தாண்டியதும் வேறொரு உதறல் தொடங்கி, வேகம் கூடக் கூட மோசமாகிறது. 1,700-இல் மீட்டர் பலகையின் முட்களைப் படிக்க முடியவில்லை. 1,800-க்கு மேல் போக எனக்கு மனம் வரவில்லை, நிறுத்திவிட்டேன்.

இதுவரை செய்தவை: எட்டு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிச் சுத்தம் செய்து இடைவெளி பார்த்தேன். 1,700-இல், பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னிட்டோவையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில் ஒன்றில் 60 சுற்று, மற்றதில் 70 சுற்று குறைந்தது. இரண்டிலும் உதறல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிலிண்டர்கள் காற்றைக் கசியாமல் பிடிக்கின்றனவா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையில் 80-க்கு 74, 72, 70, 73. இந்த வயதுக்கு இது நல்ல கணக்கு என்றே நினைக்கிறேன்.

"பழைய என்ஜின், பிரித்து மேசையில் பரப்பிவிடுங்கள், பாடத்துக்காவது ஆகும்" என்று மேலே சொல்கிறார்கள். அதில் எனக்குச் சம்மதம் இல்லை. பிரித்து வைத்த என்ஜின் எங்களிடம் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. உயிரோடு ஓடுவது இது ஒன்றுதான். முதல் முறை இதன் சத்தத்தைக் கேட்கும்போது மாணவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் வேறு எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை. அடுத்து எங்கே தேட வேண்டும் என்று சொல்லுங்கள்.

சங்ககிரி லாரி மெக்கானிக்
ஜனவரி 21, இரவு 10.25

அண்ணா, விமானம் எனக்குத் தெரியாது. ஆனால் லாரியில் என்ஜின் நன்றாக இருந்து வண்டி மட்டும் உதறினால் முதலில் மவுன்டிங் ரப்பரைத்தான் பார்ப்போம். மூன்று மாதம் நிறுத்தி வைத்த வண்டியில் ரப்பர் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும், ஆயில் சொட்டிய பக்கம் ஊறிப்போயிருக்கும். நான்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வழவழப்பாகவோ, மாவு போலவோ இருந்தால் அதுதான்.

விமானப் பொறியியல் மாணவி, சேலம்
ஜனவரி 22, காலை 6.50

ஐயா, நீங்கள் காலையில் ஓட்டினீர்களா? இந்த மாதத்தில் அடிவாரத்தில் எட்டு மணி வரை பனி இறங்கி நிற்கிறது. ஈரக் காற்றில் கார்புரேட்டருக்குள் பனி உறையும், சிறிய கான்டினென்டல்களுக்கு அந்தக் குணம் அதிகம் என்று படித்திருக்கிறேன். கார்புரேட்டருக்குச் சூடான காற்று அனுப்பும் ஹீட் பிடியை இழுத்துப் பார்த்தீர்களா?

இன்னொன்று. கைபேசியில் அதிர்வின் வேகத்தை அளக்கும் செயலிகள் உண்டு. இருக்கைச் சட்டத்தில் கைபேசியை இறுகக் கட்டி, ஐடிலில் ஒன்று, 1,700-இல் ஒன்று என்று பதிவு செய்யுங்கள். நொடிக்கு எத்தனை அதிர்வு என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஏற்காடு மூத்தவர்
ஜனவரி 22, காலை 11.15

தம்பி, நான் உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஏற்காட்டில் காப்பிச் செடிகளோடு இருக்கிறேன். புஷ்பக்கில் கை அழுக்கான நாட்கள் எனக்கு நிறைய உண்டு. நீங்கள் பிரிக்க மறுத்தது முற்றிலும் சரி. இப்படி 70-க்குக் குறையாத கம்ப்ரெஷன் உள்ள என்ஜினை உதறலுக்காகப் பிரிப்பது, தலைவலிக்கு வயிற்றைக் கிழிப்பது போல.

அந்தப் பெண் சொன்ன கைபேசி யோசனை நல்ல யோசனை. எண்களைப் படிப்பது எப்படி என்று மட்டும் நான் சொல்கிறேன்.

இந்த என்ஜினில் இரண்டு சுற்றுக்குள் நான்கு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். அதாவது ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அந்த அதிர்வு எப்போதும் இருக்கும், அது என்ஜினின் நாடித்துடிப்பு. ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமாக இருந்தால், அந்தக் குறை இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வரும். ஆகவே சுற்று வேகத்தில் பாதி எண்ணில் ஓர் உதறல் தெரியும். புரொப்பெல்லரின் எடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், சுற்றுக்கு ஒருமுறை இழுக்கும், சுற்று வேகமும் உதறல் எண்ணும் ஒன்றாக இருக்கும். பாதியா, ஒன்றா, இரண்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பேனரை அதற்குப் பிறகு எடுங்கள்.

மேக்னிட்டோவை மாற்றியும் உதறல் அசையவில்லை என்றீர்கள். வேகம் கூடக் கூட மோசமாகிறது என்றீர்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் என் சந்தேகம் என்ஜின் மேல் இல்லை, அதன் மூக்கில் இருக்கும் மரத்தின் மேல்.

ஒரு கேள்வி. ஆயுத பூஜையிலிருந்து பொங்கல் வரை அந்தப் புரொப்பெல்லர் எந்த நிலையில் நின்றது? படுக்கையாகவா, செங்குத்தாகவா?

அதைத் தொடும் முன் இதை மறக்காதீர்கள். சுவிட்ச் அணைத்திருக்கிறது என்பதை நம்பிப் புரொப்பெல்லரைத் தொடக் கூடாது. மேக்னிட்டோவை அடக்குவது ஓர் ஒற்றை வயர்தான், அது அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் மேக்னிட்டோ உயிரோடு இருக்கும். என்ஜின் சூடாக இருந்தால் கால் சுற்றிலேயே கிளம்பிவிடும். சோதனை செய்யும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி வையுங்கள். மாணவர்கள் புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் கையை வைக்கக் கூடாது.

அடிவாரப் பட்டறை
ஜனவரி 22, இரவு 8.30

ஐயா, செங்குத்தாக. மாலை நேராகத் தொங்க வேண்டும் என்று நான்தான் ஒரு பிளேடு மேலே, ஒரு பிளேடு கீழே வரும்படி நிறுத்தினேன். சந்தனமும் குங்குமமும் வைத்துப் புகைப்படம் எடுத்தோம். அன்று நின்ற நிலையிலேயே பொங்கல் வரை நின்றது. பட்டறைத் தகரத்தில் ஓர் ஒழுகல் உண்டு. அது மூக்குக்கு நேர் மேலே இல்லை, ஆனால் ஐப்பசி, கார்த்திகை முழுவதும் தரை ஈரமாகத்தான் இருந்தது.

தங்கைக்கு: மதியம் இரண்டு மணிக்கு, நல்ல வெயிலில் ஓட்டினேன். ஹீட் இழுத்தும் மாற்றம் இல்லை. கைபேசிச் சோதனையை நாளை செய்கிறேன்.

சங்ககிரித் தம்பிக்கு: ரப்பர்களைப் பார்த்துவிட்டேன். கீழே இடது பக்கத்து ரப்பர் ஆயிலில் ஊறியிருக்கிறது. மாற்ற எழுதிவிட்டேன்.

ஏற்காடு மூத்தவர்
ஜனவரி 22, இரவு 9.05

செங்குத்தாக நின்றதா? அப்படியானால் பதில் ஏறக்குறைய கிடைத்துவிட்டது.

மரம் செத்த பிறகும் தண்ணீர் குடிக்கும். மழைக்காலத்தில் செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ்ப் பிளேடில் சேரும். அதனால்தான் மரப் புரொப்பெல்லரைப் படுக்கையாக நிறுத்து என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். பழைய ஃபிளையிங் கிளப்புகளில் மாலை ஆறு மணிக்கு ஹெல்ப்பர் பையன் ஒவ்வொரு விமானமாகப் போய்ப் புரொப்பெல்லரைக் கிடைமட்டமாகத் திருப்பி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

இப்போது நுனிகளைப் பாருங்கள். பிளேடின் முன்விளிம்பில் உலோகத் தகடு போர்த்தியிருக்கிறதா? இருந்தால், நுனியில் ஊசித் துளைகள் மூன்று நான்கு இருக்க வேண்டும். தகட்டுக்குள் சேரும் ஈரம், சுற்றும் வேகத்தில் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். உங்கள் மஞ்சள் பெயின்ட் அந்தத் துளைகளின் மேலா விழுந்தது?

அப்படியே புரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளையும் பாருங்கள். போல்ட் கழலாமல் கட்டியிருக்கும் லாக் வயரை அறுத்து, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் ஒவ்வொன்றாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உடனே இறுக்கிவிடாதீர்கள், அளவுக்கு மேல் இறுக்கினால் மரம் நசுங்கும். புரொப்பெல்லரைக் கழற்றியதும், அது ஃபிளாஞ்சில் (என்ஜின் தண்டின் முனையில் உள்ள வட்டத் தகட்டில்) உட்காரும் முகத்தில் கருகிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த போல்ட்டோடு ஓடினால் மரம் உரசிக் கருகும். கருகியிருந்தால் அதை மீண்டும் மாட்டக் கூடாது.

கழற்றும் முன் நுனி ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஒரு பிளேடு நுனிக்கு நேராகப் பலகையில் கோடு போட்டு, அடுத்த பிளேடை அங்கே கொண்டுவந்தால் மரத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்குள் வித்தியாசம் இருக்கலாம்.

அடிவாரப் பட்டறை
ஜனவரி 25, இரவு 10.40

மூன்று நாள் வேலையை ஒரே பதிவில் எழுதுகிறேன். நீளத்துக்கு மன்னியுங்கள்.

கைபேசி: ஐடிலில், மீட்டர் 800 காட்டும்போது, நொடிக்கு ஏழில் ஒரு மேடு. மீட்டர் 1,650 காட்டும்போது 29-இல் பெரிய மேடு. எனக்கு இது புரியவில்லை. 29-ஐ அறுபதால் பெருக்கினால் 1,740 வருகிறது, மீட்டரோ 1,650 என்கிறது. ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாமா, வேண்டாமா என்று குழம்பினேன். பிறகு என் பழைய முதலாளி சொல்லிக் கொடுத்த ஒன்று நினைவுக்கு வந்தது. பட்டறையில் சோக் வைத்த பழைய டியூப் லைட் இருக்கிறது. அது நொடிக்கு நூறு முறை மின்னி அணையும். இருட்டும் நேரத்தில் அந்த வெளிச்சத்தில் என்ஜினை ஓட்டினால், சரியாக 1,500 சுற்றில் இரண்டு பிளேடு புரொப்பெல்லர் நான்கு பிளேடாகத் தெரிந்து, சிலுவை போல அசையாமல் நிற்கும். சிலுவை நின்றபோது மீட்டர் 1,420 காட்டியது. ஆகவே தவறு மீட்டரில். உதறல் சுற்றுக்கு ஒன்றுதான் ஐயா. அந்தச் சிலுவையைப் பார்க்க ஆறு மாணவர்களை இருக்கைக்குப் பின்னால், தள்ளி நிற்க வைத்துக் காட்டினேன். பல எல்.இ.டி. விளக்குகளில் இது தெரியாது என்பதையும் சொன்னேன்.

நுனி ஓட்டம்: 2 மில்லிமீட்டர். சரி.

போல்ட்: ஆறில் இரண்டு தளர்ந்திருந்தன. முகத்தில் கருகல் இல்லை. ஒரு பளபளப்பு மட்டும் தொடங்கியிருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

துளைகள்: ஐயா சொன்னபடியே. இரண்டு நுனியிலும் நான்கு நான்கு துளை, எட்டும் பெயின்ட்டில் அடைபட்டுவிட்டன. மாணவர்கள் ஆசையாக இரண்டு கை அடித்திருக்கிறார்கள். அது அவர்கள் குற்றம் இல்லை, துளை எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பெயின்ட்டைச் சுரண்டித் துளைகளை ஊசியால் திறந்தபோது, கீழே நின்ற பிளேடின் நுனியில் மட்டும் ஈரம் கசிந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன்.

எடை: கொண்டலாம்பட்டி லேத் பட்டறையில் நடுத் துளைக்குப் பொருத்தமாக ஒரு தண்டு கடைந்து, மட்டம் பார்த்த இரண்டு இரும்பு விளிம்புகளின் மேல் வைத்தோம். எப்படி வைத்தாலும் அதே பிளேடு கீழே விழுகிறது. எதிர் நுனியில் மெழுகு ஒட்டி ஒட்டிச் சமன் செய்து, அந்த மெழுகைச் செவ்வாய்ப்பேட்டையில் மைத்துனரின் கொலுசுப் பட்டறைத் தராசில் நிறுத்தேன். 11 கிராம்.

விமானப் பொறியியல் மாணவி, சேலம்
ஜனவரி 26, காலை 7.20

ஐயா, 11 கிராம் சிறிதாகத் தெரியும். புரொப்பெல்லரின் ஆரம் சுமார் 90 சென்டிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 1,740 சுற்றில் அந்த 11 கிராம் சுமார் 33 கிலோ எடைக்குச் சமமான விசையோடு என்ஜினை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பு நொடிக்கு 29 முறை திசை சுற்றுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 1,800-க்கு மேல் போகாமல் நிறுத்தியது நல்லது.

ஐடிலில் ஏழு என்பது வேறு கதை. உங்கள் மீட்டர் குறைத்துக் காட்டுவதால் உண்மையான ஐடில் 840 பக்கம் இருக்கும். அது நொடிக்கு 14 சுற்று, அதில் பாதி ஏழு. அப்படியென்றால் அங்கே ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை என்றுதானே பொருள்?

ஏற்காடு மூத்தவர்
ஜனவரி 26, காலை 10.00

சரியாகப் பிடித்துவிட்டாய் அம்மா. இங்கே இரண்டு நோய் ஒன்றாக வந்திருக்கின்றன.

தம்பி, ஐடிலில் நொண்டி, த்ராட்டில் திறந்ததும் சரியாகிறது என்றால் இன்டேக் குழாயில் காற்று புகுகிறது. ஐடிலில் குழாய்க்குள் உறிஞ்சல் அதிகம், ஆகவே சிறு விரிசல் வழியாகவும் வெளிக்காற்று நுழைந்து அந்த ஒரு சிலிண்டரின் கலவையை நீர்த்துப்போகச் செய்யும். திறந்ததும் உறிஞ்சல் குறையும், நோய் ஒளிந்துகொள்ளும். சிலிண்டருக்குப் போகும் ஒவ்வொரு குழாயையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ், கிளிப்புகளைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால், வாக்குவம் கிளீனரின் ஊதும் முனையைக் கார்புரேட்டர் வாயில் வைத்து மெல்ல ஊதச் செய்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

புரொப்பெல்லரை இப்போது சரிசெய்ய முயலாதீர்கள். ஈர மரத்தைச் சமன் செய்தால், காய்ந்ததும் எதிர்ப் பக்கம் சாயும். நிழலில், காற்றோட்டத்தில், படுக்கையாக, இரண்டு தாங்கியின் மேல் வையுங்கள். வெயிலில் காட்டாதீர்கள், பசை விடும், மரம் வெடிக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

அடிவாரப் பட்டறை
பிப்ரவரி 23, இரவு 9.50

மூன்றாம் எண் சிலிண்டர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், நகம் அளவு விரிசல். சோப்புத் தண்ணீர் உடனே காட்டிக் கொடுத்தது. நான்கு ஹோஸையும் புதிதாக மாற்றிவிட்டேன்.

புரொப்பெல்லர் நான்கு வாரம் படுத்திருந்தது. முதல் வாரம் 11 கிராம் 8 ஆனது, பிறகு 5, பிறகு 3. நான்காம் வாரமும் 3 தான். அந்த மூன்றில் பாதி பெயின்ட் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஒரு நுனியில் மஞ்சள் தடிமனாக இருந்தது. இரண்டையும் முழுதாகத் தேய்த்து எடுத்தோம்.

இன்று மாலை மாட்டி, ஃபிளாஞ்சின் அளவுப்படி இறுக்கி, பத்து நிமிடம் ஓட்டி, மீண்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, லாக் வயர் போட்டேன். ஐடிலில் நொண்டல் இல்லை. 1,740-இல் (டியூப் லைட் கணக்கில், மீட்டர் கணக்கில் இல்லை) முட்கள் நிற்கின்றன. 2,000 வரை போனேன். லேசான அதிர்வு இருக்கிறது. ஆயிலில் ஊறிய அந்த ரப்பர் இன்னும் வந்து சேரவில்லை, அதன் பங்கும் அதில் இருக்கும்.

பிரிக்கச் சொன்னவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் போகும்போது, அடுத்த முறை ஓட்டும் நாளை முன்னதாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள்.

ஒரே ஒரு ஐயம் மீதி. பெயின்ட் போக மீதமுள்ள சிறு எடை வித்தியாசத்தை லேசான நுனியில் வார்னிஷ் பூசி ஈடு செய்யலாமா?

ஏற்காடு மூத்தவர்
பிப்ரவரி 24, காலை 6.30

தரையில் மட்டும் ஓடும் விமானத்துக்கு, மெல்லிய பூச்சாக, துளைகளைத் தொடாமல், செய்யலாம். பறக்கும் விமானமாக இருந்தால் அந்த வேலையை உரிமம் பெற்ற பட்டறைக்குத்தான் அனுப்பச் சொல்லியிருப்பேன். பங்குனி வெயிலில் மரம் இன்னும் சுருங்கும், ஆகவே ஏப்ரலில் போல்ட்டுகளை மறுபடியும் பாருங்கள்.

ரப்பர் வந்ததும் எழுதுங்கள். மலையிலிருந்து இறங்கி வருகிறேன். அந்த என்ஜினை ஒருமுறை கையால் இழுத்துக் கிளப்ப வேண்டும்.